அத்தியாயம் 9: இரவுப் பறத்தலும் பறவை மோதலும்

பகலில் பறவையைக் கண்டு விலகலாம். இரவில் அந்த வாய்ப்பு இல்லை என்று எண்ணிக்கொண்டுதான் சிறு விமானத்தில் ஏற வேண்டும். விமானத்தின் விளக்கொளி நூறு மீட்டர் முன்னால் ஒரு கொக்கைக் காட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 100 நாட் வேகத்தில் அந்த நூறு மீட்டரைக் கடக்க இரண்டே விநாடி. எதிரே வருவதைக் கண்டு, இன்னதென்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்பது விமானிகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லித்தரப்படும் கணக்கு. எவ்வளவு தேர்ந்த கையானாலும் இரண்டு விநாடியில் அந்த வேலையை முடிக்காது. ஆகவே எந்த நேரத்தில் கிளம்புவது, எந்த உயரத்தில் போவது, என்ன வேகத்தில் போவது என்ற மூன்றையும் விமானத்தில் ஏறும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஒரு விபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 அக்டோபர் 23 இரவு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரிலிருந்து கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு ஒரு பைப்பர் செமினோல் கிளம்பியது. இரண்டு என்ஜின் கொண்ட, நான்கு பேர் அமரக்கூடிய பயிற்சி விமானம். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரும் மாணவரும் அதில் இருந்தார்கள். பிரௌவர்வில் என்ற ஊருக்கருகே விமானம் விழுந்தது, இருவரும் இறந்தார்கள். புலனாய்வில் வால்பகுதியின் இடப்பக்கக் கிடைச்சிறகில் பறவையின் நுண்ணிய எச்சங்கள் கிடைத்தன. அது கனடா வாத்து என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் அடையாளம் கண்டது. என்ஜின்களுக்குக் கெடுதல் இல்லை, வானிலையிலும் குறையில்லை. வலசை போகும் மாதத்தில், இருட்டில், அந்தப் பறவையின் வழியில் விமானம் குறுக்கிட்டது. வால் சிதைந்தபின் கட்டுப்படுத்த வழியில்லாமல் போயிற்று.

நம் நாட்டில் இரவு மோதலுக்கு எல்லோரும் அறிந்த சான்று 2024 மே 20 அன்று மும்பையில் நடந்தது. துபாயிலிருந்து வந்த எமிரேட்ஸ் போயிங் 777 தரையிறங்க நெருங்கியபோது காட்கோபர் பகுதிக்கு மேலே பூநாரைக் கூட்டத்தில் மோதியது. ஏறக்குறைய நாற்பது பறவைகள் குடியிருப்புகளுக்கிடையே செத்து விழுந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. பெரிய பயணி விமானத்தின் முகப்புக் கண்ணாடி நான்கு பவுண்டு எடையுள்ள பறவையின் அடியைத் தாங்கும் என்று சோதித்துக் காட்டிய பிறகே அதற்குச் சான்று தரப்படுகிறது. வால்பகுதிக்கு அளவு எட்டு பவுண்டு. நீங்கள் ஓட்டப்போகும் செஸ்னா 152, 172 போன்றவற்றுக்கு அப்படி ஒரு சோதனையே கிடையாது. அவற்றின் முகப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. அதே பூநாரைக் கூட்டம் ஒரு 172-க்கு எதிரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செஞ்சியை எடுத்துக்கொண்டு படிப்போம்

செஞ்சியில் ஓடுதளம் கிடையாது. தென்கிழக்கே புதுச்சேரி லாஸ்பேட்டை, வடமேற்கே வேலூர், தெற்கே நெய்வேலி, வடகிழக்கே தாம்பரமும் மீனம்பாக்கமும் என்று நாலாபக்கமும் ஓடுதளங்கள் உள்ள வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது. நிலத்தைப் பார்த்துப் பறவையைக் கணிக்கும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வடதமிழகத்தில் இல்லை என்பது என் எண்ணம். பாறைக்குன்று, காடு, ஏரி, அணை, நெல்வயல், கொஞ்சம் தள்ளிக் கடலோர உப்பங்கழி எல்லாம் ஒரு வரைபடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையையே பார்க்கிறார்கள். விமானி அந்தக் கோட்டை நிற்கும் பாறையையும், அதன் அடியிலுள்ள நீரையும் பார்க்க வேண்டும்.

பாறையிலிருந்து தொடங்குவோம். கோட்டைக் குன்றுகளுள் ராஜகிரி சமவெளியிலிருந்து ஏறத்தாழ 800 அடி எழுகிறது. கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அதைவிடக் குறைவு. உங்கள் உயரமானி கடல்மட்டத்தை வைத்துக் காட்டுவதால் சமவெளியின் உயரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இத்தகைய குன்றுகளில் இரவில் வேட்டையாடும் கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில் முட்டையிடும். ஒரு கிலோவுக்கு மேல் எடை. கோட்டையின் இருண்ட கட்டடங்களில் மூக்கைத் துளைக்கும் வௌவால் நாற்றத்துக்குக் காரணமான சிறு பூச்சிதின்னி வௌவால்கள் சில கிராம்தான். விமானத்துக்கு அவற்றால் ஆபத்தில்லை.

பழந்தின்னி வௌவால் வேறு கணக்கு. இது பறவை இல்லை. ஆனால் விமானத்துறையின் பதிவேட்டில் பறவையோடு சேர்த்தே எழுதப்படுகிறது. ஒரு கிலோவைத் தாண்டும் எடை, சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். ஆலமரத்திலும் புளியமரத்திலும் நூற்றுக்கணக்கில் தொங்கும். சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் ஆற்று ஓட்டம்போல ஒரே திசையில் கிளம்பும். இலுப்பை, அத்தி, வேம்பு, மா, கொய்யா இருக்கும் இடம் தேடிப் பல கிலோமீட்டர் போய், விடியும் முன் திரும்பும். ஆஸ்திரேலியாவில் இரவு மோதல்களில் அடிக்கடி அகப்படுவது இவற்றின் இனம்தான். நம் ஊர்களில் வௌவால் தொங்கும் மரத்தைத் தெய்வமாகக் காப்பாற்றி, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் கிராமங்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கழுப்பெரும்பாக்கம் அதற்குப் பேர்போனது. இது விமானிக்கும் நல்ல செய்தி. மரம் அதே இடத்தில் நிற்கிறது, கூட்டம் அதே நேரத்தில் கிளம்புகிறது. உங்கள் ஓடுதளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டரில் வௌவால் மரம் எங்கே இருக்கிறது, மாலையில் எந்தப் பக்கம் போகின்றன என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். டீக்கடையில் கிடைக்கும் பதில் எந்த அறிவிப்புப் பலகையிலும் கிடைக்காது.

அடுத்தது நீர். செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி, அதாவது வராகநதி, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போகிறது. வழியெங்கும் ஏரிகள். கிழக்கே மரக்காணத்தை ஒட்டிக் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. லாஸ்பேட்டை ஓடுதளத்திலிருந்து சில கிலோமீட்டரில் ஊசுடு ஏரி. வடக்கே வேடந்தாங்கலும் கரிக்கிலியும். இவற்றை ஒரு பென்சில் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஐப்பசி முதல் மாசி வரை வாத்துகளும் நாரைகளும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பாதைகள் ஏறத்தாழ அந்தக் கோடுகள்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து போன்றவை பகலில் நீரில் ஓய்ந்திருந்துவிட்டு இருட்டியபின் வயல்களுக்கு மேய வரும். பூநாரையும் இடம் மாறுவதைப் பெரும்பாலும் இரவிலேயே வைத்துக்கொள்ளும். வக்கா எனப்படும் இராக்கொக்கு அந்தி மங்கும் நேரத்தில் கரகரத்த குரலோடு கிளம்பும். கூழைக்கடா நான்கைந்து கிலோ எடையுள்ளது. அது பகல் பறவை. ஆனால் அந்தியில் அடையப் போகும்போதும் விடியலில் கிளம்பும்போதும் உங்கள் இறங்குபாதைக்குக் குறுக்கே வரலாம்.

வயலைப் பற்றி ஒரு வரி: அறுவடைக்குப் பின் எலி, எலிக்குப் பின் கூகை.

எந்த நேரம்

வலசை போகும் பறவைகள் சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்துக்குள் எழும்பி, நள்ளிரவுக்கு முன் மிகுதியாக வானில் இருக்கும் என்று ரேடார் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வௌவாலும் இராக்கொக்கும் கிளம்புவது அதே நேரம். பயிற்சி நிலையங்களின் இரவுப் பறத்தலும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் தொடங்கும். வணிக விமானி உரிமத்துக்கு ஐந்து மணி நேர இரவுப் பறத்தல், அதில் தனிப்பொறுப்பில் பத்து டேக் ஆஃப், பத்து லேண்டிங் தேவை என்பதால், கடைசி மாதத்தில் எல்லோரும் அடித்துப்பிடித்து முடிக்கப் பார்ப்பார்கள். என் யோசனை: இருட்டத் தொடங்கியதும் முதல் நாற்பது நிமிடத்தைத் தரையிலேயே கழியுங்கள். விமானத்தைச் சுற்றிப் பாருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும், வௌவால்கள் கடந்து போகட்டும். இதற்குக் காசு செலவில்லை.

மழை விட்ட முதல் தெளிந்த இரவில் தேங்கியிருந்த பறவைகள் ஒன்றாகக் கிளம்பும். அன்று கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மேகம் தாழ்ந்திருந்தால் அவையும் தாழப் பறக்கும், விளக்கு வெளிச்சத்தால் ஈர்க்கப்படும். புரட்டாசி, ஐப்பசியில் ஈசல் புறப்படும் இரவுகளில் ஓடுதள விளக்குகளைச் சுற்றிப் பக்கி, புள்ளி ஆந்தை எல்லாம் விருந்துக்கு வந்துவிடும்.

திருவிழா நாள்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் புத்தாண்டு இரவு வாணவேடிக்கையின்போது உறங்கிக்கொண்டிருந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் எழும்பி 500 மீட்டர் உயரம் வரை போனதை வானிலை ரேடாரில் கண்டிருக்கிறார்கள். நமக்குத் தீபாவளியும் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபமும் வலசைப் பருவத்திலேயே வருகின்றன. செஞ்சியை அடுத்த மேல்மலையனூரில் அமாவாசைதோறும் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். சுற்றிலும் கும்மிருட்டில் அந்த ஓர் இடம் மட்டும் ஒளிவெள்ளமாக இருக்கும். மேகமூட்டமான இரவில் அப்படிப்பட்ட வெளிச்சத்தின் மேலே தாழப் பறக்காதீர்கள்.

எந்த உயரம், என்ன வேகம்

அமெரிக்காவில் 1990 முதல் சேர்த்துவரும் பதிவுகளின்படி, சிறு விமானங்களின் மோதல்களில் பத்தில் ஏழுக்கு மேல் தரையிலிருந்து 500 அடிக்குள் நடந்தவை. 3,500 அடிக்கு மேல் நடந்தவை மிகச் சொற்பம். நம் நாட்டில் சூரியன் மறைந்தபின் பார்வை விதிப்படிப் பறக்கப் பொதுவாக அனுமதியில்லை. விமானக் கட்டுப்பாட்டு நிலையம் விதிவிலக்கு தரும் உள்ளூர்ப் பறத்தலும் பயிற்சிப் பறத்தலும்தான் நடக்கும். எனவே மாணவர்களின் இரவு நேரம் பெரும்பாலும் ஓடுதளத்தைச் சுற்றிய சர்க்யூட்டிலேயே, ஆபத்து மிகுந்த அந்த உயரத்திலேயே கழிகிறது. இதைத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். ஏறும்போது முதல் ஆயிரம் அடியை விரைவில் கடக்கும் ஏற்ற வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தாழ்ந்த இறங்குபாதையை வலிய கேட்டு வாங்காதீர்கள். ஊசுடு போன்ற ஏரியின் மேல் சர்க்யூட் விழுமானால், மறுபக்கச் சர்க்யூட் கிடைக்குமா என்று டவரில் கேளுங்கள். கருவி விதிப்படி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் குன்றுக்கும் நீர்நிலைக்கும் மேலே 3,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தைக் கேட்டுப் பெறலாம்.

வேகத்தின் கணக்கு எளிது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு கிலோ வௌவால் 110 நாட்டில் வந்து அடித்தால் ஏறத்தாழ 1,600 ஜூல். 80 நாட்டில் அடித்தால் 850 ஜூல் அளவே. முப்பது நாட் குறைத்ததில் அடி பாதியாகிவிட்டது. பறவை அதிகம் என்று தெரிந்த பகுதியில், ஸ்டால் வேகத்துக்கு மேலே போதிய இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்துப் போவதே நல்லது. லேண்டிங் லைட்டை எரியவிடுங்கள். பறவை நம்மைக் காண அது ஓரளவு உதவும். வானிலை ரேடாரைப் போட்டால் பறவை ஓடிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஒளியில் தற்செயலாகக் கூட்டத்தைக் கண்டுவிட்டால், வேகம் இடம் கொடுக்கும் அளவுக்கு மெல்ல மேலேறுங்கள். மிரண்ட பறவைகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே கலையும்.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. என்ஜின் மூடியின் காற்றுவாய்க்குள்ளும் வாலின் திறப்புகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். மைனாவும் குருவியும் ஒரே பகலில் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டிவிடும். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும். ஓடுதளத்தில் ஆள்காட்டியும் கண்கிலேடியும் உட்கார்ந்திருக்கும், நாயும் நரியும் குறுக்கே ஓடும். முதல் இரவுப் பறத்தலுக்கு முன் ஒரு வண்டி ஓடுதளத்தை முழுக்க ஒருமுறை பார்த்து வந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

மோதிவிட்டால்

டேக் ஆஃப் ஓட்டத்திலேயே மோதி, முன்னால் போதிய ஓடுதளம் மிச்சமிருந்தால், த்ராட்டிலை இழுத்து நிறுத்திவிடுங்கள். சக்கரம் தரையை விட்ட பிறகு மோதினால் முதல் வேலை விமானத்தை நேராக வைத்திருப்பது. பெரிய சத்தம் கேட்கும். முகப்பு உடைந்தால் காற்று முகத்தில் அறையும், ரத்தமும் இறகும் தெறிக்கும், வரைபடம் பறக்கும். பார்வை அங்கே போகத்தான் செய்யும். வலிந்து கருவிகளுக்குத் திருப்புங்கள், ஏனென்றால் வெளியே தொடுவானம் இல்லாத இரவில் சில விநாடிகளிலேயே விமானம் சரிந்து சுழலத் தொடங்கிவிடும். இறக்கை சமம், மூக்கு கருவி காட்டும் தொடுவானத்தில், பவர் போதுமானது: இந்த மூன்றும் நிலைத்த பிறகுதான் மற்ற எல்லாம். நிறமற்ற கண்ணாடி அணிந்து பறக்கும் பழக்கம் இரவில் கண்ணைக் காப்பாற்றும். பவர் குறைத்து வேகம் தணித்தால் காற்றின் அறை தணியும். சற்றுக் குனிந்து உட்காருங்கள்.

வேகமானி தாறுமாறாகக் காட்டினால் பிட்டாட் குழாய் அடைபட்டிருக்கலாம். நீங்கள் அறிந்த பவரையும் மூக்கின் நிலையையும் வைத்துப் பறங்கள். எந்த பவருக்கு எந்த வேகம் என்பதைப் பகல் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். என்ஜின் மூச்சுத்திணறினால் காற்றுவடிகட்டி அடைபட்டிருக்கலாம் என்று கொண்டு, கார்புரேட்டர் ஹீட் அல்லது மாற்றுக் காற்றுவழியைத் திறங்கள். அதிர்வு இருந்தால் ப்ரொப்பெல்லர் சேதம். அதிர்வு தணியும் அளவுக்கு பவரைக் குறையுங்கள்.

இறக்கையிலோ வாலிலோ அடி என்று சந்தேகப்பட்டால் உடனே ஃபிளாப் இறக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். போதிய உயரத்தில், தரையிறங்கும் வேகத்துக்கு மெல்லக் குறைத்துப் பாருங்கள். கட்டுப்பாடு எந்த வேகத்தில் தளர்கிறதோ அதற்கு மேலேயே வைத்து, தேவையானால் ஃபிளாப் இல்லாமலே, நீளமான ஓடுதளத்தில் இறங்குங்கள். டவருக்குத் தயங்காமல் சொல்லுங்கள்: விமானம் கட்டுக்குள் இருந்தால் பான்-பான், இல்லையென்றால் மேடே. சிறிய பறவைதானே, சொன்னால் ஏளனம் செய்வார்களோ என்று மறைத்தவர்கள் உண்டு. யாரும் ஏளனம் செய்யமாட்டார்கள். ஓடுதள விளக்கின் ஒளியைக் கூட்டி, தீயணைப்பு வண்டியைத் தயாராக நிறுத்துவார்கள்.

இறங்கிய பிறகு

அடுத்த மோதலைத் தடுக்கும் வேலை இறங்கியதும் தொடங்குகிறது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-வது விதி, ஓடுதளத்தின் மையப்புள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் விலங்கு அறுப்பதையும், பறவைகளை ஈர்க்கும் குப்பை, இறைச்சி, மீன் கழிவு கொட்டுவதையும் தடைசெய்கிறது. ஏரிக்கரையில் கோழிக்கழிவு கொட்டுவதை நிறுத்தச் சொல்லி ஊராட்சியிடம் போகும்போது இந்த விதி எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் எங்கே, எப்போது, எந்தப் பறவை மோதியது என்ற பதிவு இருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பலம் வரும். சலீம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980-களில் இந்திய விமான நிலையங்களின் பறவைச் சிக்கலை ஆராய்ந்தபோதும் வேலை அங்கிருந்தே தொடங்கியது: முதலில் பறவையின் பெயர், பிறகு அது தேடி வரும் இரை, அதன்பின் அந்த இரையை அகற்றும் வழி.

ஆகவே அடிபட்ட இடத்தை உடனே கழுவிவிடாதீர்கள். இறகு கிடைத்தால் உலர்ந்த காகித உறையில் போடுங்கள். ரத்தக்கறை மட்டும் இருந்தால் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். தேதி, நேரம், உயரம், வேகம், விளக்கு எரிந்ததா என்பதை உறையின் மேல் எழுதி, மோதல் படிவத்தோடு உங்கள் நிலையத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். மரபணுவைக் கொண்டு பறவையை அடையாளம் காணும் வசதி கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் இருக்கிறது.

மோதல் எவ்வளவு சிறிதானாலும், பொறியாளர் மூடியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அந்த விமானத்தை அன்றிரவு மீண்டும் கிளப்பாதீர்கள்.